அண்ணனுக்குப் போன வாபஸ் கடிதம்

எங்கள் தொழிற்சாலையில் சுவிட்ச் செய்கிறோம். வீட்டுச் சுவரில் விளக்குக்குப் போடுகிற சாதாரண வெள்ளை சுவிட்ச்தான். தரப் பிரிவில் ஓர் அம்மாள் இருந்தார். அவர் கண்ணுக்கு ஒரு குறைகூடத் தப்பியதில்லை என்று சொன்னால் அது பொய். நூற்றுக்கு இரண்டைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். ஆனால் அந்த இரண்டை அவர் பார்க்கிற பார்வையில் மீதித் தொண்ணூற்றெட்டும் பயந்துபோய்த் தானாக ஒழுங்காகிவிடும் என்று, பிளாஸ்டிக்கை அச்சில் வார்க்கிற அச்சுப் பிரிவுக்காரர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் லென்ஸ். கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு, அதில் ஒரு பூதக்கண்ணாடி. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். முகத்துக்கு நேரே ‘மேடம்’, முதுகுக்குப் பின்னால் ‘லென்ஸ்’. அவருக்கும் அது தெரியும். ஒருமுறை உணவுக்கூடத்தில் நான் வாய் தவறி ‘லென்ஸ்’ என்று சொல்லிவிட்டேன். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “சொல்லுங்க” என்றார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

நான் அனுப்புகைப் பிரிவு. எந்தப் பெட்டி எந்தக் கடைக்குப் போகிறது என்று பார்ப்பதும், கடிதங்களைத் தட்டச்சு செய்து அனுப்புவதும் என் வேலை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று என் வீட்டுக்காரரே சொல்வார். லென்ஸுக்கு வாயே கிடையாது. பதினாறு வருடம் அடுத்தடுத்த அறையில் இருந்தோம். அவர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. கேட்டால், “இருக்காங்க” என்பார். யாரும் இல்லை என்பதை நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது வாபஸ் கடிதம் ஒன்றுதான். வருடத்தில் ஒருமுறையோ இருமுறையோ அது வரும். எங்கோ ஒரு சுவிட்ச் சூடாகிறது என்று புகார் வந்தால் லென்ஸ் அதைப் பிரித்துப் போட்டு, எந்த அச்சில் வந்தது, எந்தத் தேதியில் வந்தது, அதே அச்சில் வந்தவை எந்தெந்தப் பெட்டியில் எந்தெந்தக் கடைக்குப் போயின என்று துப்பறிந்துவிடுவார். பிறகு கடைக்காரர்களுக்கு ஒரு கடிதம். ஐந்து தலைப்பு. குறை என்ன, எப்படிக் கண்டுபிடித்தோம், மூலம் எது, எவை எவை பாதிக்கப்பட்டிருக்கலாம், நீங்கள் என்ன செய்ய வேண்டும். கீழே வெட்டி அனுப்ப ஓர் ஒப்புகைச் சீட்டு. அன்புள்ள கிடையாது, நலமா கிடையாது. அந்தக் கடிதம் போனால் கடைக்காரர் மறுபேச்சுப் பேசாமல் பெட்டியைத் திருப்பி அனுப்புவார். உலகத்தில் தான் சொன்னால் கேட்கிறார்கள் என்று லென்ஸுக்கு உறுதியாகத் தெரிந்த ஒரே இடம் அதுதான்.

ஒரு நாள் மதியம் சாப்பாடு முடிந்து வந்து உட்கார்ந்தேன். லென்ஸ் என் மேசையில் ஒரு தாளை வைத்துவிட்டு, “இதை அடிச்சுக் கொடுங்க. ஒரே ஒரு பிரதி போதும்” என்று சொல்லி நின்றார். அவர் எப்போதும் தாளை வைத்துவிட்டுப் போய்விடுவார். அன்று நின்றார். நான் அதைக் கவனிக்கவில்லை. பழக்க தோஷத்தில் விறுவிறுவென்று அடிக்க ஆரம்பித்தேன்.

‘பொருள்: பி.ஆர்.சி.ஏ. இரண்டு.’ புது மாடல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

‘குறை: இது ஒரு மரபணு. உடம்பின் செல்களில் பழுது வந்தால் சரிசெய்வது இதன் வேலை. நம் குடும்பத்தில் இதன் ஒரு பிரதியில் மாற்றம் இருக்கிறது. அதனால் அந்த வேலை சரியாக நடப்பதில்லை.’

குடும்பம் என்ற இடத்தில் என் விரல் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன்.

“அடிங்க” என்றார்.

‘கண்டுபிடித்த விதம்: கீழே கையெழுத்திட்டிருப்பவரின் இடது மார்பகத்தில் புற்றுநோய்க் கட்டி. அறுவை சிகிச்சை முடிந்தது. பின்னர் செய்த ரத்தப் பரிசோதனையில் மேற்படி மாற்றம் உறுதியானது. மூலம்: அப்பா. பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்கள்: ஒன்று, அண்ணன். பாதிக்குப் பாதி வாய்ப்பு. இரண்டு, அண்ணனின் மகள். அண்ணனுக்கு இருந்தால் அவளுக்கும் பாதிக்குப் பாதி. செய்ய வேண்டியது: கீழ்க்கண்ட மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை. தாமதம் கூடாது.’

கீழே ஒப்புகைச் சீட்டு.

நான் அந்த அம்மாளின் மேல்கோட்டைப் பார்த்தேன். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். போன வருடம் பல் சிகிச்சை என்று ஆறு வாரம் விடுப்பு எடுத்திருந்தார். முழு செட்டு கட்டிக்கொண்டு சிரித்தபடி வரப்போகிறார் என்று நாங்கள் கேலி பேசினோம். திரும்பி வந்தபோது மெலிந்திருந்தார். பல் பிடுங்கினால் சாப்பிட முடியாதுதானே என்று நாங்களே காரணமும் கண்டுபிடித்துக்கொண்டோம். எனக்கு முகத்தில் யாரோ அறைந்தது போல் இருந்தது.

“ஆஸ்பத்திரில கூட யாரு மேடம் இருந்தாங்க?”

“நர்ஸ் இருந்தாங்க.”

“அது இல்ல, நம்ம ஆளுங்க.”

“படிவத்துல உடன் இருப்பவர்னு ஒரு இடம் இருந்துச்சு. கோடு போட்டு விட்டேன்.”

பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார மாட்டார் என்று நினைத்தேன். உட்கார்ந்தார்.

பிறகு அவராகவே சொன்னார். அவரோடு சேர்த்துப் பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவர் அண்ணன். அடுத்தது அக்கா. கடைக்குட்டி லென்ஸ். அக்காவுக்குக் கல்யாணமாகி மூன்றாம் வருடமே கணவர் போய்விட்டார், குழந்தையும் இல்லை. லென்ஸ் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில் பதினைந்து வருடம் இருந்தார்கள். ஒரு படுக்கையறை, இரண்டு கட்டில். அக்கா ஓயாமல் பேசுவாராம், இவர் ம் கொட்டுவாராம்.

அக்காவுக்கு நாற்பத்து மூன்று வயதில் மார்பில் கட்டி வந்தது. அண்ணன் பயந்துபோனார். கத்தி வைத்தால் பரவிவிடும் என்று யாரோ சொல்லக் கேட்டு, கட்டியைக் கரைத்துத் தருகிறேன் என்ற ஒரு வைத்தியரிடம் அக்காவைக் கூட்டிப்போனார். ஏழு மாதம் எண்ணெயும் பொடியுமாகப் போனது. பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனபோது எலும்பு வரைக்கும் பரவியிருந்தது. அடுத்த வருடம் அக்கா இறந்தார். அடக்கம் முடிந்து அத்தனை உறவுக்காரர்களும் நிற்கும்போது லென்ஸ் அண்ணனைப் பார்த்து, “நீதான் கொன்ன” என்று கத்தினாராம். இந்த வாயா கத்தியது என்று என்னால் நம்பவே முடியவில்லை.

அன்றோடு அண்ணனும் தங்கையும் பேச்சை நிறுத்தினார்கள். பதினொரு வருடம்.

“இப்ப எழுதாம இருக்க முடியாது. அந்தப் பொண்ணுக்கு முப்பது ஆகுது” என்றார் லென்ஸ்.

அந்தப் பெண் அண்ணனின் ஒரே மகள், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். லென்ஸின் குடும்பத்தில் அடுத்த தலைமுறை என்று இருப்பது அவள் ஒருத்திதான்.

மருத்துவமனையில் மரபணு ஆலோசகர் என்று ஒரு சின்னப் பெண் இருந்தாளாம். ஒரு தாளில் குடும்பத்தை வரைந்தாள். பெண்களுக்கு வட்டம், ஆண்களுக்குச் சதுரம், நோய் வந்தவர்களுக்கு உள்ளே கறுப்பு. கோடு கோணலாக இருக்கிறது என்று லென்ஸ் அவளிடம் அளவுகோல் கேட்டிருக்கிறார். அந்த நிலைமையிலும்!

அவர்கள் குடும்பத்தில் எல்லோரும் ஒரு தப்பு செய்திருந்தார்கள். மார்பில் வருகிற நோய் பெண்கள் சமாச்சாரம், வந்தால் அம்மா வழியில்தான் வரும் என்று நம்பினார்கள். அம்மா எண்பத்திரண்டு வயது வரைக்கும் கல்லு மாதிரி இருந்தார். அம்மாவின் தங்கைகளும் அப்படியே. ஆகவே அக்காவுக்கு வந்தது தலைவிதி, மற்றபடி நம் வீட்டில் அந்த நோய் கிடையாது என்று தீர்ப்பு எழுதி மூடிவிட்டார்கள். அப்பா பக்கம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்பாவின் தங்கை நாற்பத்தொரு வயதில் ‘நெஞ்சு நோயில்’ போனார் என்று வீட்டில் சொல்வார்கள். அது என்ன நெஞ்சு நோய் என்று ஆலோசகர்தான் முதன்முதலாகக் கேட்டாள். யோசித்துப் பார்த்தபோது, சிறுவயதில் அந்த அத்தை மடியில் படுத்ததும், ஒரு பக்கம் தட்டையாக இருந்ததும் லென்ஸுக்கு ஞாபகம் வந்தது. அப்பா இறந்ததும் புராஸ்டேட் புற்றுநோயில்தான். வயசான ஆம்பளைக்கு வருவது என்று விட்டுவிட்டார்கள். இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்திருக்கலாம் என்று ஆலோசகர் சொன்னாள்.

“இந்த மாத்தம் இருந்தா நோய் வந்தேதான் தீருமா மேடம்?”

“இல்ல. இந்த மாத்தம் இருக்கற பொம்பளைங்கள்ல பாதிக்கு மேல உள்ளவங்களுக்கு ஆயுசுக்குள்ள வரலாம். மத்தவங்களுக்கு வராமலும் போகலாம். தெரிஞ்சுக்கிட்டா வருஷா வருஷம் ஸ்கேன் எடுத்துப் பாக்கலாம். முன்கூட்டியே ஆபரேஷன் பண்ணிக்கறவங்களும் இருக்காங்க. தெரியாம இருந்தாத்தான் ஒண்ணும் பண்ண முடியாது.”

உறவினர்களுக்கு அனுப்ப ஒரு மாதிரிக் கடிதமும் ஆலோசகர் கொடுத்திருந்தாள். அது பிடிக்கவில்லை என்றார் லென்ஸ். “அதுல அன்பும் வருத்தமும் நெறைய இருக்கு. என்ன பண்ணணும்கறது மூணாவது பத்தியிலதான் வருது.”

“அண்ணனுக்கு எதுக்கு மேடம்? அந்தப் பொண்ணுக்கே நேரா எழுதுங்களேன். முப்பது வயசாச்சு, டீச்சர் வேற.”

“முறை அது இல்ல” என்றார். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் கம்பெனியில் கடைக்காரரைத் தாண்டி வாடிக்கையாளருக்கு வாபஸ் கடிதம் எழுதக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. அதே விதியை அண்ணன் பெற்ற பிள்ளைக்கும் வைத்திருந்தார் இந்த அம்மாள். நான் எவ்வளவோ சொன்னேன். தலைகீழாக நின்றாலும் அவர் கேட்கிற ஆள் இல்லை.

தப்பு அவர் மேல் மட்டும் இல்லை. நானும் ஒரு வேலை செய்துவைத்தேன். எல்லா வாபஸ் கடிதத்திலும் கடைசி வரி ‘விவரங்களுக்கு: அனுப்புகைப் பிரிவு’ என்று போட்டு என் மேசைத் தொலைபேசி எண்ணை அடிப்பேன். அன்றும் கை தானாக அடித்துவிட்டது. லென்ஸ் பூதக்கண்ணாடியை வைத்து இரண்டு முறை படித்தார், அவருக்கும் அது உறுத்தவில்லை. எங்கள் இருவருக்கும் அப்படித்தான் கடிதம் முடியும்.

மூன்று வாரம் கிணற்றில் போட்ட கல். தபால் வருகிற நேரத்துக்கு லென்ஸ் ஏதாவது காரணம் சொல்லிக்கொண்டு என் அறைக்கு வருவார். ஒப்புகைச் சீட்டு வரவில்லை என்று நான் சொல்லும் முன்பே போய்விடுவார். நாலாவது வாரம் என் மேசைத் தொலைபேசி அடித்தது. அண்ணன். அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஓடுகிற வண்டிக்குள் கத்திக் கத்திப் பழகிய குரல்.

“என் பொண்ணு என்ன உங்க கம்பெனி சுவிட்சா? திருப்பி அனுப்பணுமா? யாரும்மா நீ?”

“சார், நான் தட்டச்சு பண்ணவதான்…”

“அவகிட்ட சொல்லு. என்னைக் கொலைகாரன்னு சொன்னவ வாயால எனக்கு எந்த நல்லதும் வர வேண்டாம். என் பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல, ஒண்ணும் வராது.”

வைத்துவிட்டார். போய்ச் சொன்னேன். லென்ஸ் கையிலிருந்த சுவிட்சைத் திரும்பத் திரும்பப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தார்.

“சீட்டுல கையெழுத்து போட மாட்டேன்னுட்டானா?” என்று கேட்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “சீட்டைத் தூக்கிக் குப்பையில போடுங்க மேடம். நேர்ல போங்க. அவருக்கு மனசுல முள்ளு குத்திக்கிட்டு இருக்கு. அத எடுக்காம எது சொன்னாலும் ஏறாது. அக்கா செத்தது உன் தப்பு இல்ல, ரத்தத்துலயே இருந்துச்சு, எங்க கூட்டிட்டுப் போயிருந்தாலும் அதேதான் ஆகியிருக்கும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. வாய் வலிக்குமா?”

“அது உண்மை இல்லையே.”

“உண்மை இல்லாட்டி என்ன? ஒரு உசிரு விஷயம்.”

அவர் சுவிட்சைக் கீழே வைத்தார். முப்பது வருடத்தில் ஒரு குறையுள்ள பெட்டிக்குக்கூடச் சரி என்று முத்திரை குத்தாத கை அது. கடைசியில், “நீங்களும் கூட வாங்க. எனக்குத் தனியா சொல்ல வராது” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போனோம். வாசலில் ‘எல்’ போர்டு போட்ட கார் நின்றது. கதவைத் திறந்தது அண்ணன்தான். அறுபது வயது, முன்வழுக்கை, அதே தாடை, அதே இறுக்கமான வாய். லென்ஸுக்கு மீசை வைத்தது போல் இருந்தார். தங்கையைப் பார்த்ததும் அவர் கண் முதலில் போனது எங்கே என்று நான் பார்த்தேன். நான் பார்த்த அதே இடத்துக்குத்தான் போனது. உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“வா” என்றார். அவ்வளவுதான். பதினொரு வருடத்துக்குப் பிறகு ஒரு எழுத்து.

கூடத்தில் உட்கார்ந்தோம். உள்ளே சாப்பாட்டு மேசையில் அந்தப் பெண் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். “அத்தை!” என்று எழுந்தாள். அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டாள். அண்ணி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.

லென்ஸ் டீயைத் தொடவில்லை. பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னார். “அண்ணா, அக்கா விஷயத்துல உன் தப்பு ஒண்ணும் இல்ல. அது அப்பா ரத்தத்துலேர்ந்து வந்தது. நீ எங்க கூட்டிட்டுப் போயிருந்தாலும் அவ பொழச்சிருக்க மாட்டா. நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.”

அண்ணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கத் துணி தேடுவது போலச் சட்டைப் பையைத் தடவினார். துணி கிடைக்கவில்லை, கண்ணீர் முந்திக்கொண்டது. “தினம் நெனைப்பேன்” என்றார். “வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுக்கும்போது நெனைப்பேன். அவ என் கையப் புடிச்சுக்கிட்டுத்தான் அந்த வைத்தியர் வீட்டுப் படி ஏறினா. பதினோரு வருஷம்… நீ இந்த ஒரு வார்த்தைய…”

நானும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என் யோசனைதான் என்று ஒரு கர்வம் வேறு.

அண்ணன் எழுந்து வந்து லென்ஸின் தலையில் கை வைத்தார். “உடம்பு இப்ப எப்படி இருக்கு? தனியாவா போய் ஆபரேஷன் பண்ணிக்கிட்ட? சொல்லியிருந்தா வந்திருப்பேன்ல?” லென்ஸ் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கைக்கு அடியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவரை யாராவது தொட்டு எத்தனை காலம் ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

“பாப்பாவுக்கு அந்த டெஸ்ட்டு…” என்று அண்ணன் மகளைப் பற்றி லென்ஸ் மெதுவாக ஆரம்பித்தார்.

“அது எதுக்கு இனிமே?” அண்ணன் ரொம்ப இதமாகத்தான் கேட்டார். “நீயே சொல்லிட்ட. எங்க கூட்டிட்டுப் போயிருந்தாலும் பொழச்சிருக்க மாட்டான்னு. வர்றது வந்தே தீரும், வந்தா ஒண்ணும் பண்ண முடியாதுன்னா, தெரிஞ்சுக்கிட்டு என்ன ஆகப்போகுது? தெனம் தெனம் பயந்து சாகவா? வேண்டாம். அவ நிம்மதியா இருக்கட்டும்.”

லென்ஸ் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். என் வாய் நீளம் அன்றைக்கு எங்கேயோ ஓடிப்போயிருந்தது. நான் சொல்லிக் கொடுத்த வார்த்தையே வந்த காரியத்தைக் கெடுத்துவிட்டது. அக்காவைக் காப்பாற்றியிருக்க முடியாது என்றால் அந்தப் பெண்ணைச் சோதித்துப் பயன் இல்லை. சோதனையால் பயன் உண்டு என்றால் அந்த ஏழு மாதமும் அண்ணன் தலையில்தான் விடியும். இதில் ஒன்றைத்தான் அவரால் வாங்கிக்கொள்ள முடியும். நிம்மதியாக இருக்கிற ஒன்றை வாங்கிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தலைமேல் இருந்த கையை லென்ஸ் தானே எடுத்துக் கீழே விட்டார்.

“அண்ணா, நான் இப்ப சொன்னது பொய்.”

“என்ன?”

“கண்டிப்பா பொழச்சிருப்பான்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா சீக்கிரம் பாத்திருந்தா வாய்ப்பு நெறைய இருந்துச்சு. என்னோடத சின்னதா இருக்கும்போதே பாத்தாங்க, நான் இருக்கேன். அவளோடத விட்டுட்டோம். அந்த ஏழு மாசம் முக்கியமான மாசம். பாப்பாவுக்கும் அதேதான். சீக்கிரம் பாத்தா காப்பாத்தலாம்.”

அண்ணன் பின்னால் நகர்ந்தார். “மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா? இதுக்குத்தான் வந்தியா?”

“இரு. உன் ஏழு மாசத்துக்கு முன்னாடி என்னோட நாலு மாசம் இருக்கு.”

அடுப்படியில் ஓடிக்கொண்டிருந்த குழாயை அண்ணி மூடிவிட்டார்.

“அக்கா மொதல்ல எங்கிட்டத்தான் காட்டினா. குளிச்சிட்டு வந்து, இங்க பாருடி, உன் வேலையே குறை பாக்கறதுதானேன்னு சிரிச்சுக்கிட்டே காட்டினா. நான் ரெண்டு விரல வச்சு அமுக்கிப் பாத்தேன். கொழுப்புக் கட்டி, ஒண்ணும் இல்லன்னு சொன்னேன். அந்த வாரம் கம்பெனியில தணிக்கை. அப்புறம் பாத்துக்கலாம்னு சொன்னேன். நான் சொன்னா அவ கேட்டுப்பா. நாலு மாசம் அதத் திரும்பத் தொட்டுக்கூடப் பாக்கல. வலி வந்தப்பறம்தான் உங்கிட்ட வந்தா. எங்கிட்ட வரல.”

அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீதான் மொதல்ல பாத்தியா?”

“ஆமா.”

“ஒண்ணும் இல்லன்னு நீதான் சொன்னியா?”

“ஆமா.”

“அன்னைக்கு அத்தன பேர் முன்னாடி…”

“ஆமா. நான் ஒண்ணும் இல்லன்னு சொன்னத அவ யார்கிட்டயாவது சொல்லியிருப்பாளோன்னு பயம். அதுக்கு முன்னாடி நான் கத்திட்டேன்.”

அவர் அடிக்கப்போகிறார் என்று நான் நினைத்தேன். அடிக்கவில்லை. ஒரேயடியாக வயதாகிப்போனவர் மாதிரி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். “வெளிய போ” என்றார். கத்திப் பழகிய அந்தக் குரலில் சத்தமே இல்லை.

நாங்கள் எழுந்தோம். அப்போதுதான் அந்தப் பெண் கூடத்துக்கு வந்து நின்றாள். கையில் சிவப்புப் பேனா மூடி திறந்தபடியே இருந்தது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கடைக்காரரைத் தாண்டக் கூடாது என்ற முறை ஒரு நொடியில் காணாமல் போனது. அவள் வாடிக்கையாளரும் இல்லை, குழந்தையும் இல்லை. தன் உடம்பைப் பற்றி எல்லோரும் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்த முப்பது வயதுப் பெண்.

“எந்த ஆஸ்பத்திரி அத்தை? யாரைப் போய்ப் பாக்கணும்?”

லென்ஸ் பையிலிருந்து ஆலோசகரின் அட்டையை எடுத்துக் கொடுத்தார். அண்ணன் தலையைத் தூக்காமலே சொன்னார். “அவ போகட்டும். நான் தடுக்கல. நீ மட்டும் இனிமே இந்த வீட்டுக்கு வராத.”

“சரிண்ணா” என்றார் லென்ஸ்.

திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்குத்தான் அழுகை. “எல்லாம் என்னாலதான் மேடம். நான் அந்தப் பொய்யச் சொல்லச் சொல்லாம இருந்திருந்தா…” என்றேன்.

“அழாதீங்க. எல்லாரும் பாக்கறாங்க.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “இவ்ளோ நாள் அண்ணன் மேல கோபம்னு ஒண்ணு இருந்துச்சு. அதனால அவனும் இருக்கற மாதிரி இருந்துச்சு. இனிமே கோபப்படக்கூட எனக்கு ஆள் இல்ல” என்றார்.

நான் அவர் வீடு வரைக்கும் போனேன். அவர் கூப்பிடவில்லை, நானாகப் போனேன். இரண்டு கட்டிலும் இன்னும் அப்படியே இருந்தன. ஒன்றில் விரிப்பு கசங்கியிருந்தது. மற்றதில் இஸ்திரி போட்ட துணிகளை அடுக்கி வைத்திருந்தார். தண்ணீர் கொடுத்தார். உட்காருங்கள் என்று சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. நானே உட்கார்ந்து, ஒரு மணி நேரம் உப்புச் சப்பில்லாத கதையெல்லாம் பேசினேன். அவர் ம் கொட்டினார். கிளம்பும்போது, “அடுத்த ஞாயித்துக்கிழமை வேலை இருக்கா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “சும்மா கேட்டேன்” என்றார்.

பிறகு நான் இரண்டு மூன்று ஞாயிறு போனேன். அப்புறம் என் வீட்டு வேலை, விருந்தாளிகள் என்று விட்டுப்போனது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

ஐந்து மாதம் போனது. அந்தப் பெண்ணிடமிருந்து ஒரே ஒரு குறுஞ்செய்தி வந்திருந்தது. ரத்தப் பரிசோதனையில் அவளுக்கும் மாற்றம் இருக்கிறது, அடுத்து ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று. அவளுக்கு இருக்கிறது என்றால் அண்ணனிடமிருந்துதான் வந்திருக்கிறது. அது அண்ணனுக்கும் புரிந்திருக்கும். லென்ஸ் அந்தச் செய்தியை என்னிடம் காட்டினார். அந்த வாரம் முழுக்க நூற்றுக்கு இரண்டுக்குப் பதிலாகப் பத்து பத்தாக எடுத்துச் சோதித்தார். அச்சுப் பிரிவில் எல்லோரும் திட்டினார்கள்.

ஒரு நாள் உணவுக்கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். மேசையில் இருந்த அவர் கைபேசி அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார். யார் என்று கேட்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிட்டது போலிருந்தது, ஆனால் இவர் காதிலிருந்து கைபேசியை எடுக்கவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தில் இரண்டு நிமிடம் ஆனதை நான் பார்த்தேன். ஒரு சொல்கூடப் பேசாமல், காதோடு அழுத்திப் பிடித்தபடி இருந்தார். பிறகு மெதுவாகக் கீழே வைத்தார்.

“யாரு மேடம்?”

“அண்ணன்.”

“என்ன சொன்னாரு?”

“ஸ்கேன்ல தெரிஞ்சிருக்கு. ஒரு கட்டி. பட்டாணி அளவுகூட இல்லையாம், கையால தொட்டாத் தெரியாதாம். ரொம்ப ஆரம்பம், குணமாக்கிடலாம்னு டாக்டர் சொல்லிட்டாராம். நல்ல நேரத்துல வந்தீங்கன்னு சொன்னாராம்.”

“கடவுளே! நல்ல சேதிதானே மேடம்! நீங்க ஏன் ஒண்ணுமே பேசல? அவரும் லைன்லயே இருந்தாரு போலிருக்கே?”

“இருந்தான். நல்லவேளைன்னு சொல்லத்தான் வாயத் திறந்தேன். அக்கா ஞாபகம் வந்துடுச்சு. அவனுக்கும் அந்த எடத்துலதான் பேச்சு நின்னுச்சு. அழற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் வச்சுட்டான்.”

“மறுபடி கூப்பிடுவாரு பாருங்க.”

“மாட்டான்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சோதித்துப் பார்த்துச் சொல்வது போலச் சொன்னார். “பேச எங்களுக்கு ஒரே ஒரு விஷயம்தான் இருக்கு. அத ரெண்டு பேராலயும் பேச முடியாது. போகட்டும். அவ இருக்கா.”

கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். மணி அடித்துவிட்டது.